ஈரத்துணி கடைசியில்

என் மகனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் வேறு ஆளாகிவிடுவேன். தாளில் உன் குரல் கிடையாது. எழுதி முடிக்கும்வரை யாரும் குறுக்கே வர முடியாது. அதற்காகத்தான்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினைந்து நாள் ஆகிறது. இருமினால் இன்னும் கறுப்பாக வருகிறது. ஒரு மாதம் அப்படித்தான் வரும் என்றார் டாக்டர். கைக்குட்டையை நான் பார்க்காதபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். துவைப்பவள் நான், எனக்குத் தெரியாதா. எரிந்தது உன் அறை மட்டும்தான். கட்டில், மேஜை, திரை, ஜன்னல் சட்டம். முன் அறையும் சமையலறையும் எரியவே இல்லை. தீ ஒரு அறையோடு நின்றது, கரி நிற்கவில்லை. பூட்டிய அலமாரிக்குள், மடித்த துணியின் மடிப்புக்குள், சீப்பின் பல்லிடுக்கில், குளிர்பெட்டிக் கதவின் ரப்பரில், சுவிட்சுக்கு உள்ளே. சுண்ணாம்பு அடித்து மறைத்த பழைய ஆணிகள்கூட ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் பொட்டாக மேலே வந்துவிட்டன. மூலைகளில் ஒட்டடை மாதிரி கரி நூல் தொங்கியது. சிலந்தி இல்லாத ஒட்டடை. முதல் நாள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கோபம், அழுகை, எல்லாம் சேர்ந்து வாளித் தண்ணீரில் துணியை நனைத்து சமையலறைச் சுவரை ஒரே இழுப்பு இழுத்தேன். கைநீளத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. தேய்க்கத் தேய்க்க உள்ளே இறங்கியது. இன்றைக்கும் இருக்கிறது, சுவரை யாரோ கத்தியால் கீறின மாதிரி. மறுநாள் சலவைக்கூடத்தில் சொன்னபோது சூப்பர்வைசர் அம்மா திட்டினாள். "ஆஸ்பத்திரித் துணி இருபது வருஷமா துவைக்கிற, என்னத்த கிழிச்ச? கரி காஞ்சிருக்கிற வரைக்கும் தூசிடி. தண்ணி பட்டுச்சுன்னா மை. ஈரத்துணிய கடைசில எடு, தெரியுதா, கடைசில." காய்ந்த ரப்பர் பஞ்சு ஒரு பை நிறையக் கொடுத்தாள். தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். பஞ்சு கறுத்தால் அந்தப் பக்கத்தை அறுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கம். மெதுவான வேலை. ஒரு சுவருக்கு ஒன்றரை நாள். அவ்வளவு மெதுவாக ஒரு சுவரை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு நடந்ததில் பாதியைத்தான் உனக்குச் சொன்னேன். மிச்சத்தை இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. நீ இரண்டு மணிக்குக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு பஸ்ஸுக்குப் போனாய். அப்பா முன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குப் புகை. மூன்றரைக்கு எனக்குத் தகவல் வந்து, ஈர ஏப்ரனோடு ஓடி வந்தேன். அப்பா வெளி நடையில் கிடந்தார், முகத்தில் கண் எது மூக்கு எது தெரியவில்லை. வாசலில் ஆள் கூட்டம். தீயணைப்பு ஆட்கள் தண்ணீர் விடாமல் பொடியடித்தே தீயை அணைத்துவிட்டு, உன் அறைச் சாமானையெல்லாம் பின்முற்றத்தில் வீசிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில், மூன்றாவது படியில், நாலரை உட்கார்ந்திருந்தான். மேல்வீட்டு ஸ்டவ் மெக்கானிக்குக்கு அந்தப் பெயர் வைத்தது நீதான், ஏழு வயதில். இடது கையில் நடுவிரல் பாதிதானே அவனுக்கு. நீ எண்ணிப் பார்த்துவிட்டு நாலரை என்றாய், அவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அதன்பிறகு இந்தக் கட்டிடத்தில் அவனுக்கு வேறு பெயர் இல்லை. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கறுப்பு. மேலெல்லாம் மண்ணெண்ணெய் வாசனை. அவன் மேல் எந்த நாளில் மண்ணெண்ணெய் வாசனை இல்லாமல் இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உனக்குப் போன் செய்தேன். வீடு எரிஞ்சிடுச்சுடா, அப்பா மூச்சு பேச்சில்லாம கிடக்குறார் என்றேன். நீ பேசவில்லை. ஹலோ ஹலோ என்று இரண்டு தரம் கத்தினேன். பஸ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னாய். "நாலரைதான்மா. போன வாரம் சண்டையில கொளுத்திடுவேன்னு சொன்னான்ல. அவன்தான்."

சொன்னான்தான். அவன் குளியலறைத் தண்ணீர் உன் கட்டிலில் சொட்டியது, நீ மேலே போய்க் கத்தினாய், அவனும் கத்தினான். வீட்டையே கொளுத்திடுவேன் என்று இந்தக் கட்டிடத்தில் சொல்லாத ஆள் யார். நானே அப்பாவிடம் மாதம் ஒருமுறை சொல்வேன். ஆனால் நீ சொன்னதும் எனக்குள் ஒரு கதவு அறைந்து சாத்திக்கொண்டது. போனை இடுப்பில் செருகினேன். அவன் பையிலிருந்து பைப் திருகும் இரும்பு ரிஞ்சு நீட்டிக்கொண்டிருந்தது. உருவினேன். முதல் அடி என்னுடையது. தலைக்குத்தான் ஓங்கினேன், அவன் இடது கையைத் தூக்கி மறைத்தான், கையில் விழுந்தது. ஒரு சத்தம் வந்தது. கோழி எலும்பைக் கடித்தால் வருமே, அந்தச் சத்தம். நிறுத்தவில்லை. அதே கையில் இன்னும் இரண்டு. அதற்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். சலூன்காரர், பால்கடைக்காரர், எதிர்வீட்டு ஓட்டுநர், பெயர் தெரியாத இரண்டு பேர். படியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள், தலை ஒவ்வொரு படியிலும் இடித்தது. அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். "நான்தான் அண்ணன வெளிய இழுத்துட்டு வந்தேன். கேளுங்கய்யா." சலூன்காரர் வாயிலேயே மிதித்தார். "கொளுத்துனவனே காப்பாத்துனானாம். கதை விடுறான் பாரு." பல் ஒன்று வந்து என் செருப்பின் மேல் விழுந்தது. உதறினேன். அவன் தரையிலிருந்து என் பக்கம் பார்த்து, "அண்ணன் மூச்சு விடுறாரான்னு பாருங்கக்கா" என்றான். அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன். கால் வலிக்கும்வரை மிதித்தேன். கூட்டம் கலையும்போது அவன் கையைப் பார்த்து யாரோ, இனிமே இவன் பேர் நாலரை இல்ல, ஒன்றரை என்றார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேனா என்று இருபத்துநாலு நாளாக யோசிக்கிறேன். ஞாபகம் இல்லை என்று எழுத ஆசை. சிரித்தேன்.

போலீஸ் வந்ததும் எழுதிக் கொடுத்தேன். ஜன்னல் வழியாகத் தீயைப் போட்டான், கதவுத் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே வந்தான் என்று இரண்டையும் எழுதினேன். ஜன்னல் வழியாகப் போட்டவன் எதற்குக் கதவை உடைக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை. இன்னொன்று. உடைந்த ஜன்னல் கண்ணாடியைக் கூட்டி அள்ளியவள் நான். வெளிச் சந்தில் அள்ளினேன். உள்ளே ஒரு சில்லுகூட இல்லை. வெளியிலிருந்து எறிந்தால் கண்ணாடி உள்ளேதானே விழும். அள்ளிக் கொட்டிவிட்டுக் கைகழுவப் போனேன். கோபத்துக்குக் கண் கிடையாது என்பது இல்லை. இருக்கிறது. பார்த்ததையெல்லாம் தனக்கு வேண்டிய இடத்தில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. அவனை ஆஸ்பத்திரியில் பூட்டிய வார்டில் போட்டார்கள். வீட்டுக்குத் தீ வைத்தான், ஆளைக் கொல்லப் பார்த்தான். இதுதான் வழக்கு.

இனிச் சட்டை. பதினேழாம் நாள் முன் அறை முடிந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையைப் பிரித்தேன். அப்பா அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை. மொத்தமும் சாம்பல் நிறம். பழக்கதோஷத்தில் குழாயடிக்குக் கொண்டுபோய்விட்டேன். குழாயில் கை வைத்தபோது சூப்பர்வைசர் அம்மாவின் குரல் கேட்டது, ஈரத்துணி கடைசியில். திரும்பி வந்து வெளிச்சத்தில் உதறிக் கொடியில் போட்டேன். உதிர வேண்டியது உதிர்ந்தது. உதிராதது நின்றது. நெஞ்சில் இரண்டு பக்கமும் இரண்டு கை. பின்னாலிருந்து அக்குளுக்குள் கைவிட்டு நெஞ்சைக் கட்டி இழுத்தால் எப்படிப் பதியுமோ அப்படி. எண்ணெய்க் கை. கரியோடு ஒட்டிப்போன எண்ணெய். வலது கை முழுசு. இடது கையில் சுட்டுவிரல், பிறகு ஒரு சின்ன மொட்டை, பிறகு மோதிரவிரல். நான் எண்ணினேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை நீட்டி, தொடாமல், ஒன்று, அரை, இரண்டு என்று. திரும்பவும் எண்ணினேன். எத்தனை தரம் எண்ணினாலும் அவ்வளவுதான். அந்தக் கையைத்தான் உடைத்தேன்.

அவன் காப்பாற்றியவன் என்றால் வைத்தது யார் என்ற கேள்வி அன்றைக்கே வந்திருக்க வேண்டும். வந்தது, நான் விடவில்லை. மின்சாரமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாள் உன் அறைக்குப் போனேன், அதுவரை அதைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். கரியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அது விழும்போது எது எங்கே இருந்ததோ அதன் அடியில் மட்டும் விழாது. சாமானை எடுத்தால் அடியில் அதன் உருவம் வெள்ளையாக இருக்கும். கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு கடிகாரம். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு இஸ்திரிப் பெட்டி. முன் அறையில் ஒவ்வொன்றையும் துடைத்து அதனதன் வெள்ளைக்குள் திரும்ப வைத்தேன், சிரிப்பாகக்கூட இருந்தது, வீடு தானே பட்டியல் போட்டு வைத்த மாதிரி. உன் அறையில் கட்டில் காலுக்கு நாலு, மேஜைக் காலுக்கு நாலு. இரண்டுக்கும் நடுவில், ஜன்னல் திரைக்கு நேர் கீழே, ஒரு வட்டம். சுத்தமான வட்டம். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த இடத்தில் வட்டமாக எதுவும் வைத்த ஞாபகம் எனக்கு இல்லை. பின்முற்றத்துக்குப் போனேன். தீயணைப்பு ஆட்கள் எறிந்த குப்பையைக் கிளறினேன். மெத்தைக் கம்பிக்கு அடியில் நீல எனாமல் பேசின் இருந்தது. உன்னைக் குளிப்பாட்டிய பேசின். கொண்டுவந்து வட்டத்தில் வைத்தேன். உட்கார்ந்தது. ஒரு நூல் பிசகில்லை.

அடியில் கருகிய தாள், அடை அடையாக. தாளை அடுக்கோடு எரித்தால் அடித்தாள் எரியாது, மேலே உள்ளது மூடிக்கொள்ளும். இதுவும் இப்போது எனக்குத் தெரிகிறது. கரண்டியால் நெம்பினேன். ரோஜா நிறம். சலவைக்கூடத்தில் துணி எண்ணி எழுதும் தாளின் நிறம். பின்பக்கம் நீல மையில் என் எழுத்து. 'சளி இருந்தால் தலைக்குக் கு' என்பதோடு அந்தத் துண்டு முடிந்தது. நீ விடுதியில் இருந்த நாலு வருஷமும் நான் எழுதிய கடிதம் அத்தனையும். வாரத்துக்கு ஒன்று. பத்திரமாக வைத்திருந்தாய் என்பதே எரிந்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. எதற்காக எரித்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. பெட்டியில் இடமில்லை என்று எரித்திருக்கலாம். அந்தக் கடிதங்களில் அப்பாவைப் பற்றி நான் எழுதிய புலம்பல் இருக்கிறது, விட்டுவிட்டுப் போனால் அவர் படித்துவிடுவார் என்றுகூட எரித்திருக்கலாம். உன் குணத்துக்கு அதுதான் என்று நினைக்கிறேன். அவர் மனசு நோகக் கூடாதென்று வைத்த தீயில் அவர் சாகப் பார்த்தார். அணைந்துவிட்டது என்று நினைத்துத்தான் போயிருப்பாய். பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். காற்றில் திரை உள்ளே பறந்திருக்கும். தீக்காக உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு துளிகூட இல்லை. போனில் பேசாமல் இருந்தாயே, அந்த நேரம். ஹலோ என்று நான் இரண்டு தரம் கத்திய அந்த நேரம். அதில் பேசினும் இருந்தது, நாலரையும் இருந்தான். நீ எடுத்தது அவனை.

எட்டு வயதில் ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்றை என் இஸ்திரிப் பெட்டியால் கருக்கினாய். நான் இல்லை என்றாய். இஸ்திரிப் பெட்டியின் ஒயரை மடித்து விளாசினேன், முதுகில் தடித்துவிட்டது. அதிலிருந்து நீ எதற்கும் முதலில் சொல்லும் வார்த்தை, நான் இல்லை. பொய்யை நான்தான் அடித்து உனக்குள் இறக்கினேன் என்று இங்கே எழுதி அடித்துவிட்டேன். பார், அந்த வரி. அடித்தது ஏன் என்றால், அப்படி எழுதினால் உன் பாரத்தில் பாதியை நான் வாங்கிக்கொள்கிற மாதிரி ஆகும். வாங்க மாட்டேன். என்னிடம் என்னுடையதே இருக்கிறது.

அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே வட்டத்தையும் பேசினையும் பார்த்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை மதியம் வேலை முடிந்து வந்தால் உன் அறையில் முழங்கால் போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வாளி. ஈரத்துணி. நிறுத்துங்க என்று கத்தினேன். "ஒண்ணுமில்ல, தரை அசிங்கமா இருக்கு" என்றார், திரும்பாமல். சுற்றியிருந்த கரியெல்லாம் கரைந்து வட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. துணியைப் பிடுங்கினேன். அந்தத் துணியாலேயே என் முகத்தில் அடித்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவை. வாய்க்குள் கரித் தண்ணீர் போனது, கசப்பு. நான் அவர் கையை முறுக்கித் தள்ளினேன், போய்ச் சுவரில் மோதினார். சரிந்து உட்கார்ந்து இருமினார், இருமலை நிறுத்த முடியவில்லை. இருமலுக்கு நடுவில்தான் பேசினார். "என் புள்ளடி. ஒரே புள்ள." அவனும் ஒருத்தியோட தம்பிதான் என்றேன். "உன்னையும் உள்ள வெப்பாங்க. நீ அடிச்சத யாரு பாக்கல?" தெரியும் என்றேன். "அந்தப் பேசினக் கழுவிக் கவுத்துடு. உன் கால்ல விழறேன்." விழவும் செய்தார். காலை இழுத்துக்கொண்டேன். உன் அப்பா கெட்டவர் இல்லை. தன்னை யார் வெளியே இழுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை, சட்டையைக் காட்டிய பிறகும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார். வட்டம் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு கறை, சிமெண்டுக்குள் இறங்கிவிட்டது, இனி எதற்கும் போகாது. பேசினைக் கழுவாமல் அன்றைக்கே சலவைக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். எதுக்குடி இந்த ஓட்டை உடைசல் என்றாள் சூப்பர்வைசர் அம்மா. வெச்சிருங்க, திங்கக்கிழமை வாங்கிக்கிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

புதன்கிழமை அவனைப் பார்த்தேன். பூட்டிய வார்டுக்கும் எங்கள் துணிதான் போகிறது, விரிப்பு வண்டியை நானே தள்ளிக்கொண்டு போனேன். காவல்காரன் பூட்டைத் திறந்துவிட்டுத் தன் போனைப் பார்க்கத் தொடங்கினான். வலது கையைக் கட்டில் கம்பியோடு விலங்கு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். இடது கையில் மாவுக்கட்டு, நுனியில் தெரிந்த விரல்கள் ஊதிக் கறுத்திருந்தன. மூன்று எலும்பு துண்டு துண்டாகிவிட்டது, ஸ்டவ்வில் ஊசி கோத்த கை, இனி ஒரு திருகைப் பிடிக்குமா என்று தெரியாது என்று நர்ஸ் சொன்னாள். வாயில் முன்பல் இரண்டு இல்லை. நான் அடிப்பேன் என்று நினைத்துச் சுவர் பக்கம் ஒடுங்கினான். விரிப்பை மாற்றத் தொடங்கியதும்தான் உடம்பைத் தளர்த்தினான். "அண்ணனுக்கு இருமல் நின்னுச்சாக்கா?" தலையணை உறையை உதறினேன். "தண்ணி ஒழுகுறத அன்னிக்குக் காலையிலயே சரி பண்ணிட்டேன்க்கா. தம்பி கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு இருந்தேன். அதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டான். உன்னைத் தம்பி என்றான். விரிப்பின் ஓரங்களை இழுத்து மடித்தேன், எங்கள் கூடத்தில் யாரும் மடிக்காத அளவுக்கு நேராக. வேறெதுவும் செய்யத் தெரியவில்லை. வெளியே வந்து வண்டியின் அழுக்குத் துணிக்குள் முகத்தை வைத்துக் கத்தினேன்.

அவன் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராத்திரித் தையல் வேலை முடித்த கையோடு தினமும் காலையில் நம் வாசலில் ஒரு வாளி சாக்கடைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறாள். வியாழக்கிழமை ஊற்றும்போது நான் கதவைத் திறந்துவிட்டேன். தலைமுடியைப் பிடித்து இழுத்து நடைச் சுவரில் மோதினாள், மூன்று தடவை, எண்ணி. "என் தம்பி கை. என் தம்பி கை. என் தம்பி கை." ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு தடவை. அவளைவிட எனக்குத் தோள்பலம் அதிகம், ஈரத்துணி தூக்கித் தூக்கி வந்த பலம். கையைத் தூக்கவில்லை. அவள் களைத்துப்போய் விட்டுவிட்டு, "ஏன்டி திருப்பி அடிக்கல?" என்று கேட்டாள். பயந்த மாதிரி கேட்டாள். திங்கட்கிழமை சொல்றேன் என்றேன். நெற்றியில் வீக்கம் இருக்கிறது. நடைச் சுவரை நான் இன்னும் துடைக்கவில்லை. என் நெற்றி மோதிய இடத்தில் கரி போய்ச் சுண்ணாம்பு தெரிகிறது. என் நெற்றிக் கரி சீக்கிரம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போகிறேன். சட்டையையும் பேசினையும் எடுத்துக்கொண்டு. அவனைக் கோர்ட்டில் நிறுத்தும் நாள் அது. நான் முதலில் எழுதிக் கொடுத்தது தவறு என்பேன். கண்ணாடி எந்தப் பக்கம் விழுந்தது என்பேன். முதல் அடி யாருடையது, எதனால் அடித்தேன், எத்தனை என்பேன். பேசினில் எரிந்தது யார் எழுதிய கடிதம், யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்வேன். சொல்லிப் பார்த்தேன், ஆளில்லாத சமையலறையில் சத்தமாக, இரண்டு தடவை. வாய் சொன்னது. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர ஐந்து நாளாகும், அதற்குள் எல்லாம் சொல்லி முடித்திருப்பேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யவில்லை என்று நினைக்காதே, கேட்டால் செய்யமாட்டேன் என்பதால்தான் கேட்கவில்லை. நீயாக வந்து நிற்பாயா, யாராவது வந்து கூட்டி வருவார்களா, அது உன் பாடு. வந்தால் நம் வீட்டுக்கு நேரே வராதே. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ. ரெண்டாவது மாடி, கடைசி வார்டு. உள்ளே விடமாட்டார்கள், இருந்தாலும் வாசலில் நில். நான் வீட்டில் இருப்பேனா என்று எனக்கே தெரியாது. அப்பாவுக்கு மருந்துச்சீட்டு குளிர்பெட்டி மேல் இருக்கிறது, காலையில் ஒன்று, இரவில் ஒன்றரை. கசக்கிறது என்று பாதியைத் துப்பிவிடுவார், நின்று பார்க்க வேண்டும். உன் அறையையும் நடைச் சுவரையும் தவிர எல்லாச் சுவரும் முடிந்துவிட்டது. உன் அறையில் பஞ்சு வேலை பாதி மிச்சம். மேலிருந்து கீழே, ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பஞ்சுப் பை கதவுக்குப் பின்னால். ஈரத்துணி கடைசியில்.

குளிர் நாளில் வெறுங்காலோடு தரையில் நடக்காதே. ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. உன்னை அடித்த நாளிலும் உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் இருந்தேன், இன்றைக்கும் அப்படித்தான். நல்லபடி இரு, நிமிர்ந்து இரு, அதுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய ஆசி. இதுவும் அதே ரோஜாத் தாள்தான், வேறு தாள் வீட்டில் இல்லை. படித்துவிட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். எரிப்பதாக இருந்தால் வீட்டுக்குள் வைத்து எரிக்காதே. வெட்டவெளிக்குக் கொண்டுபோ. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வை. அணைந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் போய்விடாதே. கொஞ்ச நேரம் நின்று பார்.

அம்மா